தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்

இங்க உக்காரலாம் இல்ல சார்? யாரும் வரமாட்டாங்க இல்ல? என் சீட்டு அடுத்த பெட்டியில இருக்கு. ரிசர்வ் பண்ண சீட்டு, ஜன்னல் ஓரம். ஆனா அங்க உக்கார முடியல. பெத்த பையனும் மருமகளும் எதிர்ல உக்காந்திருக்காங்க. குடியாத்தம் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ரெண்டு மூஞ்சியையும் பாத்துக்கிட்டு வர என்னால ஆகாது. அதான் எழுந்து வந்துட்டேன். டிடிஆர் வந்து கேட்டா ரிட்டையர்டு சுபேதார் எத்திராஜுன்னு சொல்லிக்கறேன். மரியாதை தெரிஞ்ச ஆளா இருந்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு.

கோவமா இருக்கற மாதிரி தெரியுதா? மாதிரி என்ன மாதிரி, கோவம்தான். வயிறு எரியுது சார்.

இன்னிக்குக் காலையில என் பையன் கேஸு. மிலிட்டரிக்காரங்களுக்குன்னு தனியா ஒரு ட்ரிப்யூனல் இருக்கு, தெரியுமா? ரெண்டு பேர் உக்காருவாங்க. ஒருத்தர் ஜட்ஜு, இன்னொருத்தர் ரிட்டையர்டு ஜெனரல். என் பையன் தீனதயாளன், ஒரே பையன், நாயக்கா இருந்தான், ஹவில்தாருக்கு ஒரு படி கீழ. பன்னெண்டு வருஷ சர்வீஸு. போதை மாத்திரை வச்சிருந்தான், ஒழுக்கக் கேடுன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதை மாத்திக் கொடுங்கன்னுதான் கேஸ் போட்டோம். வேலை திரும்ப வேணும்னு கேக்கல. 'உடம்பு சரியில்லாததால அனுப்பினோம்'னு மாத்தி எழுதினா போதும். மாத்திட்டா மிலிட்டரி ஆஸ்பத்திரியில தோள்பட்டைக்கு ஆபரேஷன் பண்ணுவாங்க. ஏதோ ஒரு பென்ஷன் வரும். பேங்க் வாசல்ல துப்பாக்கி புடிச்சு நிக்கற வேலையாவது கிடைக்கும். மாத்தலேன்னா ஒண்ணும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல தூக்க முடியாத ஆளு, ஒழுக்கம் கெட்டவன்னு முத்திரை வேற. எவன் வேலை கொடுப்பான்?

மாத்தல சார். தள்ளுபடி பண்ணிட்டாங்க.

எங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளம். சில வீட்ல மூணு பேர். கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னாடி ரேங்க் போடாம அடிக்கமாட்டாங்க. அந்த ஊர்ல நான் தலை நிமிந்து நடந்தவன். இப்ப ரெண்டு வருஷமா 'பையன் லீவுல வந்திருக்கான்'னு சொல்லிக்கிட்டிருக்கேன். எந்தப் பட்டாளத்துல சார் ரெண்டு வருஷம் லீவு கொடுக்கறான்? வேற ஊரா இருந்தா நம்புவான். எங்க ஊர்ல டீக்கடையில கிளாஸ் கழுவறவனுக்குக்கூட லீவுக் கணக்கு அத்துப்படி. ஆனாலும் ஒருத்தனும் எதிர்த்துக் கேக்கமாட்டான். 'அப்படியா சுபேதார், லீவா, சரி சரி'ன்னு சொல்லிட்டு டீயைக் குடிப்பான். அந்த 'சரி சரி' இருக்கே, அதுக்கு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

என்ன மாத்திரைன்னு கேக்கறீங்க. கஞ்சாவா? அபினா? வலி மாத்திரை சார்! வலிக்குப் போடற மாத்திரை! கொஞ்சம் வீரியமானது, டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இதுக்குப் போயி போதைன்னு பேரு வச்சுட்டான். பட்டாளத்துக்காரனுக்கு ரம் கொடுக்கறது யாரு? கவர்மெண்டு. நான் இன்னிக்கும் கேன்டீன் கோட்டாவுல மாசாமாசம் வாங்கறேன், தினம் ராத்திரி ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் எனக்குத் தூக்கம். அதுக்குப் பேர் போதையா? அது பழக்கம். பழக்கம் வேற, போதை வேற. இந்த வித்தியாசம் தெரியாதவங்க எல்லாம் கேஸு விசாரிக்க வந்துடறாங்க.

முதல்லேர்ந்து சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

ராஜஸ்தான்ல எக்சர்சைஸ், போர்ப் பயிற்சி. லாரியிலேர்ந்து டென்ட் இறக்கிக்கிட்டிருந்தான். இரும்புக் கம்பம் உருண்டுச்சு, இவன் கம்பத்தோட சேர்ந்து கீழ விழுந்தான். வலது தோள்பட்டை. அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினான். எதுவா இருந்தாலும் என்னைக் கேக்காம செய்யமாட்டான், அப்படி வளர்த்திருக்கேன். 'அப்பா, தோளை அசைக்க முடியல, எம்.ஐ. ரூமுக்குப் போகட்டுமா'ன்னான். எம்.ஐ. ரூம்னா யூனிட் டாக்டர் இருக்கற இடம். நான் சொன்னேன், 'போனே, நீ தொலைஞ்சே. அடுத்த மாசம் ஹவில்தார் ஆகறதுக்கான கேடர் பரீட்சை வருது. டாக்டர் ஒரு வரி எழுதினாப் போதும், மெடிக்கல் கேட்டகரி இறங்கிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் நாயக்தான். தைலம் போட்டுத் தேச்சுக்கிட்டு ஓடுடா'ன்னேன்.

ஓடினான் சார்! அந்தத் தோளோட, முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடினான். கேடர் பாஸ் பண்ணிட்டுத்தான் அடுத்த போனு. ஊர் முழுக்க லட்டு கொடுத்தேன். சொல்லுங்க, எத்தனை பேருக்கு அந்த மாதிரி புள்ள இருக்கு?

ஆனா எப்படி ஓடினான்னு அப்ப எனக்குத் தெரியாது. அங்க ஒரு நர்சிங் அசிஸ்டெண்டு, நாசமாப் போறவன், ரகசியமா இவனுக்கு மாத்திரை கொடுத்திருக்கான். ரெஜிஸ்டர்ல எழுதாம. அவன் மாத்தலாகிப் போயிட்டான். இவனுக்கு மாத்திரை இல்லாம இருக்க முடியல. டவுன்ல ஒரு மருந்துக் கடையில வாங்க ஆரம்பிச்சிருக்கான். ஒரு நாள் பெட்டியைத் தொறந்து சாமான் செக் பண்றப்போ அட்டை அட்டையா மாட்டிக்கிச்சு.

அதுக்கு முன்னாடி லீவுல வந்தப்போ மருமக சொன்னா. சசிரேகா. படிச்ச பொண்ணு, படிச்சதால வாய் ஜாஸ்தி. 'மாமா, அவருக்குக் கை நடுங்குது, ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, யாராவது டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போலாம்'னா. 'ஒண்ணுமில்லம்மா, குளிரா இருக்கும்'னேன். 'மே மாசம் குடியாத்தத்துல குளிருதா மாமா?'ன்னு கேட்டா. மாமனார்கிட்ட பேசற பேச்சா இது? நான் இருபத்தெட்டு வருஷம் பனியிலயும் மணல்லயும் நின்னவன், எனக்குத் தெரியாதா நடுக்கம்னா என்னன்னு?

சரி, மாட்டிக்கிட்டான். மறுநாள் ஆர்டர்லி ரூம்ல நிறுத்தப் போறாங்க. உங்களுக்கு அது தெரியாது, சொல்றேன். தப்புப் பண்ணவனைத் தொப்பி, பெல்ட்டு ரெண்டையும் கழட்டச் சொல்லி, நடுவுல விட்டு, முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன், லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்னு கமாண்டிங் ஆஃபீசர் மேஜைக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துவாங்க. அவர் குத்தத்தைப் படிப்பாரு. படிச்சிட்டு, 'குச் கெஹ்னா ஹை?'ம்பாரு. ஏதாவது சொல்லணுமான்னு அர்த்தம். அதுக்கு ஒரு நல்ல சிப்பாய்க்கு ஒரே பதில்தான். 'குச் நஹி, சாப்.' ஒண்ணுமில்ல ஐயா. அவ்வளவுதான். அதுக்கு மேல பேசினா நீ சிப்பாய் இல்ல, சந்தைக்கடைக்காரன்.

முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணினான். அழுதான் சார். தோள்ல அடிபட்டது, மாத்திரை யாரு கொடுத்தது, எல்லாத்தையும் சொல்லிடட்டுமான்னு கேட்டான். எனக்கு வந்தது பாருங்க கோவம். 'ஏண்டா, தோள்ல அடின்னு சொன்னா ஏன் ரிப்போர்ட் பண்ணலேன்னு கேப்பான். நர்சிங் அசிஸ்டெண்டுன்னு சொன்னா காட்டிக் கொடுத்த பயன்னு யூனிட்டே துப்பும். வாயை மூடிக்கிட்டு நில்லு. நெஞ்சை நிமித்து. குச் நஹி சாப்னு சொல்லு. தைரியத்தைப் பாத்து விட்டுருவாரு'ன்னேன்.

நான் சும்மா சொல்லல சார். அனுபவம். நான் லான்ஸ் நாயக்கா இருந்தப்போ ஒரு வயர்லெஸ் பேட்டரி காணாமப் போச்சு, என் பொறுப்பு. எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். மேஜைக்கு முன்னாடி போய் நின்னேன். 'குச் நஹி, சாப்.' அந்தக் கமாண்டர் என்னையே ஒரு நிமிஷம் பாத்தாரு. ஏழு நாள் எக்ஸ்ட்ரா டிரில். அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவரே என்னை நாயக் ஆக்கினாரு. வாயைத் தொறந்தவன் கெட்டான், மூடினவன் பொழைச்சான். அதுதான் பட்டாளம்.

என் பையன் நான் சொன்னதை எழுத்துப் பிசகாம செஞ்சான். 'குச் நஹி, சாப்'னான். அவங்க என்ன பண்ணாங்க? 'தன் தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லை'ன்னு எழுதிக்கிட்டு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பேட்டரிக்கு ஏழு நாள், மாத்திரைக்கு ஜென்மம் முழுக்கவா? இப்ப இருக்கற ஆஃபீசருங்களுக்கு மனுஷன் மூஞ்சியைப் பாத்துப் புரிஞ்சுக்கத் தெரியல. எல்லாம் பேப்பரைப் பாக்கற கூட்டம்.

சுண்டலா? வேணாம்ப்பா, போ. நீங்க வாங்கிக்கறீங்களா சார்?

கேஸுக்கு ஒரு வக்கீலம்மா, மெர்சின்னு பேரு. கெட்டிக்காரிதான், இல்லேன்னு சொல்லல. போன மாசம் ஆஃபீஸுல உக்கார வச்சு என்கிட்டச் சொன்னாங்க. 'அங்கிள், இந்தக் கேஸுல ஒரே ஓட்டைதான். அடிபட்டதுக்கு ரெக்கார்டு இல்ல, அன்னிக்கு இவர் வாயே தொறக்கல. இது ரெண்டும் ஏன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் உங்ககிட்டதான் இருக்கு. நீங்க எழுந்து, நான்தான் அப்படிச் சொன்னேன், பழைய காலத்துப் பழக்கத்துல சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த ஜெனரலுக்குப் புரியும்'னாங்க.

நான் 'பாக்கலாம்மா'ன்னேன். வேற என்ன சொல்றது? நான் எதுக்கு எழுந்து சொல்லணும்? மாத்திரை வாங்கினது நானா? போட்டது நானா? நான் சொன்னேனாம். சரி, சொன்னேன். அவன் முப்பத்திரண்டு வயசு ஆம்பளை சார், கல்யாணம் ஆனவன். அப்பன் ஆயிரம் சொல்லுவான். எதைக் கேக்கணும் எதை விடணும்னு அவனுக்கில்ல தெரியணும்? எல்லாத்தையும் அப்படியே செஞ்சா அது யார் தப்பு?

இன்னிக்கு. பதினொரு மணி வாக்குல கூப்பிட்டாங்க. வக்கீலம்மா நல்லாத்தான் பேசினாங்க. ஸ்கேன் படமெல்லாம் காட்டினாங்க. தோள் மூட்டுல ஜவ்வு கிழிஞ்சு பழசாகிப் போயிருக்குன்னு டாக்டர் எழுதினதைப் படிச்சாங்க. அந்த ஜெனரல் கவனமாக் கேட்டாரு. வெள்ளை மீசை, சிங்கம் மாதிரி உக்காந்திருந்தாரு. அப்புறம் நேரா என் பையனைப் பாத்து இந்தியில கேட்டாரு. 'அடிபட்ட அன்னிக்கு ஏன் டாக்டர்கிட்டப் போகல? கமாண்டர் கேட்டப்போ ஏன் இதையெல்லாம் சொல்லல? யாராவது சொல்ல வேணாம்னு சொன்னாங்களா?'

மெரட்டிக் கேக்கல சார். அதையும் சொல்லணும். நம்ம வீட்ல பெரியவங்க கேக்கற மாதிரித்தான் கேட்டாரு.

இந்தப் பய கல்லுளிமங்கன் மாதிரி நிக்கறான். வாயைத் தொறக்கல. மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தான். பின் வரிசையில நான் உக்காந்திருக்கேன். என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வருது. ஜெனரல் முன்னாடி நிக்கறவன் பின்னால திரும்பிப் பாக்கலாமா? கண்ணாலேயே அதட்டினேன், நேரா நில்லுடான்னு. திரும்பிக்கிட்டான்.

அந்த ஜெனரல் லேசுப்பட்டவர் இல்ல. கவனிச்சிட்டாரு. 'பின்னால யாரு?'ன்னு கேட்டாரு. வக்கீலம்மா சட்டுனு, 'இவருடைய அப்பா, ரிட்டையர்டு சுபேதார்'னாங்க. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. 'சுபேதார் சாப்'னாரு. சாப்! ஒரு ஜெனரல் என்னை சாப்னு கூப்பிடறாரு, அத்தனை பேர் முன்னாடி. 'சுபேதார் சாப், ஆப்கோ குச் கெஹ்னா ஹை?'

நான் எழுந்து நின்னேன். எழுந்தேன்னா எப்படி! ரிட்டையர் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு, முட்டி வலி வேற. ஆனா ரெண்டு குதிகாலும் சேர்ந்த சத்தம் இருக்கே, அந்த ஹாலே திரும்பிப் பாத்துச்சு. தாடை மேல, கை தொடை ஓரமா, கண்ணு நேரா. சொன்னேன்.

'குச் நஹி, சாப்.'

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்றது? அந்தக் கேள்விக்கு அதுதான் சார் பதில். நாப்பது வருஷமா எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். வக்கீலம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மருமக முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டா. ஜெனரல் என்னைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டாரு.

சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்ப்பு. 'மனுதாரர் அன்றும் விளக்கம் தரவில்லை, இன்றும் தரவில்லை.' தள்ளுபடி. என்ன அக்கிரமம்!

வெளிய வந்தோம். மரத்தடியில நிக்கறோம். மருமக என்கிட்ட நேரா வந்தா. 'மாமா, ஒரே ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைக்காக இவரு கையையே வித்துட்டீங்களே'ன்னா. என்னைப் பாத்து! இத்தனை நாள் சோறு போட்டது யாரு? நான் 'வாயை மூடு'ன்னேன். அவ மூடல. வக்கீலம்மா நடுவுல வந்து, 'இருங்க, இன்னும் முடிஞ்சு போகல, மறுபடி பாக்கச் சொல்லி மனு போடலாம், ஆனா அங்கிள் இந்தத் தடவை பேசியே ஆகணும்'னாங்க.

அப்பத்தான் இவன் வாயைத் தொறந்தான். கோர்ட்டுக்குள்ள தொறக்காத வாயி. என்ன சொன்னான் தெரியுமா? 'வேணாம் மேடம். அப்பாவை விட்டுருங்க. அவரால முடியாது.'

எப்படி இருக்கு? அவரால முடியாதாம்! எது முடியாது என்னால? ஆறடி பனியில காவல் நின்னவன் நான். என் பக்கத்துல நின்னவன் செத்து விழுந்தப்பவும் போஸ்ட்டை விட்டு நகரலை. என்னால முடியாதாம். அதையும் கோவமாச் சொல்லியிருந்தா பரவாயில்ல, ரெண்டு அறை விட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். மெதுவாச் சொன்னான் சார். நோயாளியைப் பத்திச் சொல்ற மாதிரி. பாவம் பாக்கறானாம். மன்னிக்கிறானாம். யாருடா கேட்டா உன் மன்னிப்பை? அப்பனை மன்னிக்கற அளவுக்கு நீ என்ன பெரிய ஆளா? இருபத்தெட்டு வருஷத்துல எந்த ஆஃபீசரும் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

போய்ச் சொல்லலாம் சார். சொல்ல முடியாதுன்னு இல்ல. ஆனா என்னன்னு சொல்றது? 'என் பையன் வாழ்க்கை முழுக்க நான் சொன்னதைக் கேட்டான், அதனாலதான் கெட்டான்'னா? எந்த அப்பனாவது அப்படிச் சொல்லுவானா? சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனுக்கு அப்பன்னு வீட்டுக்குள்ள நடமாடறது? நீங்க சொல்லுங்க.

காட்பாடி போயிடுச்சா? அப்ப அடுத்தது எங்க ஊருதான். இறங்கணும். இந்தப் பையைக் கொஞ்சம்... பரவாயில்ல, நான் எடுத்துக்கறேன். கனம்தான். வக்கீல் பேப்பரு, ஸ்கேன் படம், எல்லாம் இதுலதான் கிடக்கு.

இதோ வந்துட்டான் பாருங்க. இவன்தான். தீனா, நீ எதுக்குடா வந்தே? நீ போ. நான் எடுத்துட்டு வரேன். டேய், அது கனம்டா, வைடா கீழ. அந்தக் கையால தூக்காதே. எந்தக் கையாலயும் தூக்காதே. வைடான்னு சொல்றேன் இல்ல!

பாத்தீங்களா சார்? வைக்கல. காதுல விழாத மாதிரி போறான் பாருங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பேச்சைத் தட்டினதில்ல. இன்னிக்கு இத்தனை ஜனத்துக்கு நடுவுல, நான் கத்தக் கத்தப் போறான்.

டேய்! நில்லுடா! இந்தத் திமிரு அன்னிக்கு எங்கடா போச்சு உனக்கு?